குறை மாப்பொருள் பாஸ்தா: பெட்டியில் எழுதியிருப்பதும் கோப்பையில் விழுவதும்

கடந்த மார்கழியில் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தார். உடுப்பு, சொக்லேற், நோவுக்குப் பூசும் தைலம் ஆகியவற்றுக்கு நடுவே எட்டுப் பெட்டி பாஸ்தா இருந்தது. அன்றிரவே தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அது சும்மா மக்கரோனி இல்லை. கடலையில செய்தது. மாப்பொருள் குறைவு. சீனி ஏறாதாம். பயப்பிடாமல் வயிறு நிறையச் சாப்பிடு."

எனக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்து எட்டு வருடங்களாகின்றன. 2009 இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். மிச்சமிருக்கும் இடது பாதத்தில் ஒரு சிறு கொப்புளம் வந்தாலே வீட்டில் எல்லோருக்கும் நித்திரை போய்விடும். ஆகவே அக்காவின் பேச்சு எனக்கு மருந்தாகவே கேட்டது. மனைவி வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ரின்மீன் போட்டு ஒரு பெட்டியை முழுதாகச் சமைத்தார். மகள் கொஞ்சம் எடுத்தாள். மிச்சம் முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு குற்ற உணர்வில்லாமல் நிரம்பிய ஒரு கோப்பை.

இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தேன். மீற்றர் 246 காட்டியது.

மகள் வெறும் பெட்டியை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள். ஒரு பரிமாறல் 56 கிராம். அதில் மாப்பொருள் 35 கிராம், அதற்குள் நார்ப்பொருள் 5 கிராம். பெட்டியின் மொத்த நிறை 227 கிராம், அதாவது நாலு பரிமாறல். அதில் ஏறத்தாழ மூன்றை நான் ஒருவனே சாப்பிட்டிருந்தேன். நார்ப்பொருளைக் கழித்தாலும் 90 கிராம் மாப்பொருள். வெந்த வெள்ளைச் சோறு 300 கிராமில் இருப்பது 84 கிராம்தான். வைத்தியர் வேண்டாம் என்று சொன்ன சோற்றுக் கோப்பையைவிடக் கூடுதலான மாப்பொருளை, சீனி ஏறாது என்று நம்பி உண்டிருக்கிறேன்.

பெட்டி பொய் சொல்லவில்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. பெட்டியை எப்படி வாசிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு மூன்று மாதமாக இந்த விடயத்தைத் தேடி வாசித்தேன், கிளினிக்கில் கேட்டேன், ஸ்ரிப் கையில் இருந்த நாட்களில் அளந்தும் பார்த்தேன். என்னைப் போலப் பொதி வாங்குபவர்களுக்கும், அக்காவைப் போலப் பொதி அனுப்புபவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

முதலில், சாதாரண பாஸ்தா அவ்வளவு கெட்டதா?

குறை மாப்பொருள் பாஸ்தா நல்லதா என்று கேட்பதற்கு முன், அது எதற்கு மாற்றாக வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

உலர்ந்த சாதாரண பாஸ்தா 100 கிராமில் ஏறத்தாழ 75 கிராம் மாப்பொருளும் 13 கிராம் புரதமும் 3 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. வெந்த பிறகு அது தண்ணீரை உறிஞ்சி இரண்டு மடங்குக்கு மேல் நிறை கூடிவிடும். அதனால் வெந்த பாஸ்தா 100 கிராமில் இருக்கும் மாப்பொருள் ஏறத்தாழ 31 கிராம். வெந்த வெள்ளைச் சோற்றில் அது 28 கிராம். அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

வேகத்தில் வித்தியாசம் உண்டு. ஓர் உணவு குருதியில் குளுக்கோசை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதை அளக்கும் கிளைசீமிக் சுட்டியை, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981 இல் அறிமுகப்படுத்தினார்கள். தூய குளுக்கோசு 100 என்று வைத்து மற்ற உணவுகள் அதனோடு ஒப்பிடப்படுகின்றன. 2008 இல் வெளியான சர்வதேச அட்டவணையின் சராசரிகளின்படி வெள்ளைப் பாண் 75, வெள்ளைச் சோறு 73, சாதாரண ஸ்பகெற்றி 49, முழுக்கோதுமை ஸ்பகெற்றி 48, பருப்பு 32, கொண்டைக்கடலை 28. அரிசியின் எண் இனத்துக்கு இனம் கூடிக் குறையும். என்றாலும் பாணுக்கும் பாஸ்தாவுக்கும் இடையிலான தூரம் கவனிக்க வேண்டியது. இரண்டும் கோதுமைதான்.

காரணம் அதன் கட்டமைப்பு. நல்ல பாஸ்தா டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையில் செய்யப்படுகிறது. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967 இலேயே சட்டம் போட்டார்கள். அந்த ரவையைக் குழைத்து அழுத்தி, அச்சில் பிழிந்து, உலர்த்தும்போது அதன் புரதம் வலைபோல நெருக்கமாகி மாப்பொருள் மணிகளைச் சுற்றிக்கொள்கிறது. சமிபாட்டு நொதியங்கள் அந்த வலையைத் தாண்டி மெதுவாகத்தான் உள்ளே போக முடியும். பாணில் அப்படி இல்லை. அது பொங்கிய, துளை நிறைந்த பொருள். எனவே விரைவாகக் கரைகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். எங்கள் கடைகளில் மக்கரோனி என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் டியூரம் கோதுமையில் செய்தது அல்ல. பக்கற்றில் சேர்பொருட்களைப் பாருங்கள். அடுத்தது, நாங்கள் மக்கரோனியைக் குழையக் குழைய அவிக்கிறவர்கள். குழைந்தால் அந்தப் புரத வலை தளர்ந்துவிடும். இத்தாலியர்கள் பல்லில் கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்குவது ருசிக்காக என்றாலும் நீரிழிவுக்காரருக்கும் அதுவே நல்ல பதம்.

"குறை மாப்பொருள்" என்ற ஒரு பெயரில் ஐந்து சாமான்கள்

இந்தப் பெயரில் விற்கப்படும் பாஸ்தாக்களை ஒரே சாமான் என்று நினைப்பதுதான் முதல் பிழை. ஒவ்வொன்றும் வேறு. கீழே தருபவை உலர்ந்த 100 கிராமுக்கான அண்ணளவான கணக்குகள். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும்.

1. முழுக்கோதுமைப் பாஸ்தா. மாப்பொருள் 73 கிராம், நார்ப்பொருள் 9 கிராம். நார் கூடுதல் என்பதால் வயிற்றுக்கு நல்லது. ஆனால் இது குறை மாப்பொருள் உணவே அல்ல. மண்ணிறமாக இருப்பதால் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள்.

2. கடலை, பருப்புப் பாஸ்தா. நார்ப்பொருளையும் சேர்த்து மாப்பொருள் 60 கிராமுக்குச் சற்று மேல், புரதம் 20 முதல் 25 கிராம். சாதாரண பாஸ்தாவுடன் ஒப்பிட்டால் மாப்பொருள் குறைவுதான். ஆனால் நாலில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இதன் உண்மையான நன்மை புரதத்திலும் நாரிலும் இருக்கிறது. குறைவாக உண்டாலே வயிறு நிறையும். அக்கா அனுப்பியது இந்த வகை.

3. சோயாப் பாஸ்தா. பச்சைச் சோயா, கறுப்புச் சோயா இரண்டிலும் செய்கிறார்கள். மொத்த மாப்பொருள் 35 கிராம் அளவில். அதிலும் பாதிக்கு மேல் நார். புரதம் 40 கிராமைத் தாண்டும். மாப்பொருள் குறைந்தது என்று தாராளமாகச் சொல்லக்கூடியது இதுதான். வாய்க்குக் கொஞ்சம் சவ்வுத்தன்மை, அவரை வாசம். உறைப்பாக, புளிப்பாகச் சமைத்தால் அது தெரியாது.

4. கொஞ்ஞாக்கு நூல். ஜப்பானியர் ஷிராத்தகி என்பார்கள். தண்ணீரில் மிதக்கும் பைகளில் வரும். நூறு கிராமில் 97 கிராமளவு தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் சமிபாடடையாத நார். கலோரி இல்லையென்றே சொல்லலாம். சத்தும் இல்லை. இந்தக் கொஞ்ஞாக்குக் கிழங்கு எங்கள் கரணைக்கிழங்கின் நெருங்கிய இனம்; இரண்டும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆனால் கரணையில் இருப்பது மாப்பொருள். கொஞ்ஞாக்கில் இருப்பது குளுக்கோமன்னான் என்ற நார். எனவே ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை உண்ணலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

5. நார் சேர்த்த கோதுமைப் பாஸ்தா. கோதுமையில் இருந்து புரதத்தைப் பிரித்துச் சேர்த்து, சமிபாடடைய மறுக்கும் மாப்பொருளையும் கலந்து செய்வது. பார்க்கவும் உண்ணவும் சாதாரண பாஸ்தா போலவே இருக்கும். பெட்டியின் முன்பக்கத்தில் மிகப் பெரிய வாக்குறுதிகள் இருப்பதும் இதில்தான். சில வகைகள் உண்மையிலேயே மாப்பொருளைக் குறைத்திருக்கின்றன. ஆனால் இந்த வகையின் வரலாற்றில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கதை உண்டு.

ஒரு பாஸ்தா நீதிமன்றம் போன கதை

அமெரிக்காவில் 2000களில் ட்ரீம்பீல்ட்ஸ் என்ற பாஸ்தா நீரிழிவுக்காரரிடையே மிகவும் பிரபலமாக இருந்தது. அது கோதுமைப் பாஸ்தாதான். ஆனால் ஒரு பரிமாறலில் உள்ள 41 கிராம் மாப்பொருளில் 5 கிராம்தான் சமிபாடடையும் என்றும், மிச்சம் ஒரு விசேட செய்முறையால் பாதுகாக்கப்பட்டு உடலில் சேராமல் போய்விடும் என்றும் நிறுவனம் சொன்னது. கிளைசீமிக் சுட்டி 65 வீதம் குறைவு என்றும் விளம்பரம் செய்தது.

2011 இல் மினசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சிறு குழுவினருக்கு இந்தப் பாஸ்தாவையும் சாதாரண பாஸ்தாவையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, குருதியில் குளுக்கோசு ஏறி இறங்குவதை அளந்தார்கள். இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அந்த முடிவு நீரிழிவு பற்றிய முக்கிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியானது. வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2014 இல் வழக்கு 79 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. இணக்கம் என்பதால் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இதில் எனக்குப் பட்ட பாடம், எல்லா நிறுவனமும் ஏமாற்றும் என்பது அல்ல. "இவ்வளவு மாப்பொருள் இருக்கிறது, ஆனால் உங்கள் உடலில் சேராது" என்று ஒரு பெட்டி சொன்னால் அதை நம்புவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். "மாப்பொருளே இவ்வளவுதான் இருக்கிறது" என்று சொல்வது வேறு. அதை லேபலிலேயே சரிபார்க்கலாம்.

கனடாப் பெட்டியும் லண்டன் பெட்டியும்

புலம்பெயர்ந்த உறவுகளின் பொதி பெறும் எங்களுக்கு இது முக்கியம். லேபலில் காபோவைதரேற்று என்று எழுதும் முறை நாட்டுக்கு நாடு வேறு.

கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்த எண்ணுக்குள் நார்ப்பொருளும் அடங்கும். எனவே சமிபாடடையும் மாப்பொருளை அறிய, நாரைக் கழிக்க வேண்டும். பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் அவுஸ்திரேலியாவிலும் நார்ப்பொருள் தனியாக எழுதப்படும். காபோவைதரேற்று எண்ணில் அது ஏற்கனவே சேர்க்கப்படுவதில்லை. அங்கே மறுபடியும் கழித்தால் இரண்டு தரம் கழித்ததாகிவிடும்.

ஒரு எடுத்துக்காட்டு. சிவப்புப் பருப்புப் பாஸ்தா 100 கிராம், கனடாப் பெட்டியில் 60 என்று இருந்தால் லண்டன் பெட்டியில் 50 அளவில் இருக்கும். லண்டன் பாஸ்தா நல்லது என்று அர்த்தமில்லை. சாமான் ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு. அந்த 50 இல் இருந்து மேலும் 11 ஐக் கழித்து 39 என்று நினைத்து இன்சுலின் அளவைக் குறைத்தால், சீனி ஏறும்.

பெட்டியின் முன்பக்கத்தில் "நிகர மாப்பொருள்" என்று பெரிதாகப் போடுவார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சட்டங்களில் அந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் கிடையாது. எனவே முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே மூன்று எண்கள் போதும்: ஒரு பரிமாறல் எத்தனை கிராம், அதில் மாப்பொருள் எவ்வளவு, நார் எவ்வளவு. பிறகு நீங்கள் உண்மையில் எத்தனை பரிமாறல் சாப்பிடப் போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். 56 கிராம் உலர்ந்த பாஸ்தா என்பது இரண்டு கைப்பிடிகூட இல்லை.

மீற்றரிலும் இதே சிக்கல் உண்டு. நான் 246 என்றபோது அக்காவுக்கு விளங்கவில்லை. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வேறு அலகு. எங்கள் எண்ணை 18 ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். 13.7 என்றதும்தான் அவர் அழத் தொடங்கினார்.

பாதிக் கோப்பை எங்களுக்கு ஏன் கஷ்டம்

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு பற்றி நாடளாவிய பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாக அது கண்டது. ஆனால் ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அது நடத்தப்பட்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. அந்த வருடங்களில் எங்களுக்கு எவ்வளவு சீனி இருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்: கோப்பையில் அரைவாசி மரக்கறி, கால்வாசி மீன் அல்லது பருப்பு, கால்வாசி சோறு. சரியான ஆலோசனை. உலகம் முழுவதும் சொல்லப்படுவதும் இதுதான். ஆனால் அதைக் கேட்கும்போது எனக்குள் ஒன்று மறுக்கும். முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். பிறகு முகாமில் மாதக்கணக்காகக் கோதுமை மா ரொட்டியும் பருப்பும். வரிசையின் கடைசியில் நின்றால் கிடாரத்தின் அடிதான். அதைக் கண்டவனுக்கு, கையில் சோறு இருக்கும்போது பாதிக் கோப்பையோடு எழும்புவது ஒரு தோல்விபோல இருக்கும். என் அம்மா இன்றைக்கும் நான் இரண்டாம் தரம் வாங்காவிட்டால் முகம் வாடிவிடுவார்.

குறை மாப்பொருள் பாஸ்தா எங்களை ஏன் இவ்வளவு கவர்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிரம்பிய கோப்பையைத் திருப்பித் தருகிறேன் என்று அது சொல்கிறது. அந்த ஆசையைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வகைகளில் சோயாவும் கொஞ்ஞாக்கும் மட்டும்தான் அந்த வாக்கைப் பெருமளவு காப்பாற்றும். கடலைப் பாஸ்தா காப்பாற்றாது. அது பாதிக் கோப்பைக்குத்தான் நல்லது.

யாருக்குப் பயன், யாருக்கு ஆபத்து

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019 இல் வெளியிட்ட உணவு ஆலோசனை அறிக்கையில், மொத்த மாப்பொருளைக் குறைப்பது குருதிக் குளுக்கோசைக் கட்டுப்படுத்த உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று எதையும் அது விதிக்கவில்லை. ஆகவே மாப்பொருளைக் குறைப்பது சரி. எப்படிக் குறைப்பது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு.

வெளிநாட்டில் வாரத்தில் மூன்று நாள் பாஸ்தா சாப்பிடும் குடும்பத்துக்கு, பருப்பு அல்லது சோயாப் பாஸ்தாவுக்கு மாறுவது பயனுள்ளது. பிள்ளைகள் பருப்பைத் தொட மாட்டார்கள், ஆனால் பருப்பால் செய்த பாஸ்தாவைச் சாப்பிடுவார்கள். விலை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு மாப்பொருள் தேவை. நோயில்லாத பிள்ளைக்குக் கொஞ்ஞாக்குக் கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டாம்.

கீழுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், தொல்புற்றமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள்: மாப்பொருளைத் திடீரென்று குறைத்து, மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும். மெற்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள்: கடலை, பருப்பு, சோயாப் பாஸ்தாக்களில் புரதமும் பொற்றாசியமும் கூடுதல். நீரிழிவோடு சிறுநீரகமும் பாதிக்கப்பட்டவர்கள் எங்களிடையே பலர். அவர்களுக்குச் சாதாரண பாஸ்தாவே பாதுகாப்பாக இருக்கக்கூடும்.

கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள்: நார் சேர்த்த கோதுமைப் பாஸ்தாவில் அந்தப் புரதம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்கள், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள்: கொஞ்ஞாக்கு நூல் மெல்லக் கடினமானது, வயிற்றில் அடைக்கக்கூடியது. போரில் வயிற்றில் காயப்பட்டு, குடல் வெட்டித் தைத்தவர்கள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். அதன் நார் மாத்திரைகள் உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தலாம் என்பதால் மாத்திரையோடு சேர்த்து உண்ண வேண்டாம்.

பொதி வராதவர்கள் என்ன செய்வது?

எங்களில் பெரும்பாலானோருக்கு ரொறன்ரோவில் அக்கா இல்லை. அவர்கள் எதையும் இழக்கவில்லை என்பதைத்தான் இந்த மூன்று மாதத்தில் நான் கண்டுகொண்டேன்.

கடையில் வாங்கும் மைசூர்ப் பருப்பின் கணக்கைப் பாருங்கள். உலர்ந்த 100 கிராமில் மாப்பொருள் 63, அதற்குள் நார் 11, புரதம் 24. இது சிவப்புப் பருப்புப் பாஸ்தாவின் லேபலேதான். அந்தப் பாஸ்தா, மாவாக்கி அச்சில் பிழிந்த மைசூர்ப் பருப்பு. முகாமில் தின்று சலித்த அதே பருப்பு, அழகான பெட்டியில் பல மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறது. மாவாக அரைக்காமல் முழுதாக அவித்த கடலை, கௌபி, பயறு இன்னும் மெதுவாகச் சமிபாடடையும்.

சாதாரண மக்கரோனியையே நல்லபடி உண்ணலாம். நான் இப்போது செய்வது இது. ஒருவருக்கு உலர்ந்த மக்கரோனி 50 கிராம், ஒருமுறை தராசில் நிறுத்து, எந்தக் கோப்பியில் எவ்வளவு வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். பல்லில் கடிபடும் பதத்தில் இறக்க வேண்டும். அதே அளவு அவித்த கடலையோ சோயாமீற்றோ சேர்க்க வேண்டும். போஞ்சி, கோவா, கரட், முருங்கையிலை என்று கையில் அகப்படும் மரக்கறியை அதற்கு இரண்டு மடங்கு போட வேண்டும். மீனையும் மரக்கறியையும் முதலில் சாப்பிட்டு, மக்கரோனியைக் கடைசியில் எடுத்தால் சீனி ஏறுவது குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவித்து ஆற வைத்த பாஸ்தாவில் மாப்பொருளின் ஒரு சிறு பகுதி சமிபாடடையாத வடிவத்துக்கு மாறும். நன்மை சிறியது, ஆனால் செலவில்லாதது.

இப்படிச் செய்த ஒரு நாள், சாதாரண மக்கரோனிதான், இரண்டு மணித்தியாலத்தில் என் மீற்றர் 168 காட்டியது. கடலைப் பாஸ்தாவை அளந்து 50 கிராம் இதே முறையில் உண்ட நாள் 155. ஒரு மனிதனின் ஒவ்வொரு நாள் அளவைகள் இவை, ஆய்வு அல்ல. உங்கள் உடல் வேறு எண் சொல்லலாம். ஆனால் 246 இல் இருந்து என்னை இறக்கியதில் பெரும் பங்கு அளவுக்குத்தான். பாஸ்தாவை மாற்றியதால் கிடைத்தது அந்தச் சின்ன மிச்சம்.

கோப்பை இப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது. நிரப்புவது மரக்கறி. அம்மாவுக்கும் குறை சொல்ல வழியில்லை.

ஆகவே குறை மாப்பொருள் பாஸ்தா பயனுள்ள மாற்றா என்று கேட்டால் என் பதில் இதுதான். பாஸ்தாவை விட முடியாதவருக்கு, வாங்க வசதியுள்ளவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, சோயாவும் பருப்பும் நல்ல மாற்று, அளந்து உண்டால். அளக்காமல் உண்டால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. அளந்து உண்பவருக்குச் சாதாரண பாஸ்தாவும் பெரிய எதிரி அல்ல.

போன கிழமை அக்கா மறுபடி எடுத்தார். அடுத்த மாதம் ஒருவர் வருகிறாராம். பாஸ்தா எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டார். பாஸ்தாவை உன் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடு, அக்கா, என்றேன். எனக்கு என்னுடைய மீற்றருக்குப் பொருந்தும் ஸ்ரிப் நாலு பெட்டி அனுப்பு. மீற்றரின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் மகள் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். வேறு ஸ்ரிப் அதற்குள் போகாது. கூடவே காலில் இறுக்காத தடித்த பருத்திக் காலுறை இரண்டு சோடி.

"இரண்டு சோடி ஏன்? உனக்கு ஒன்று காணுமே" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது விளங்கி அக்கா பேசாமல் நின்றார். இரண்டு சோடி என்றால் இடது காலுக்கு நாலு நாள் வரும், அக்கா, என்றேன்.